அழுத்த ஸ்விட்சைத் திருகுமுன்

கிணற்று நீரை அழுத்தத் தொட்டியின் வழியே வீட்டுக்குக் கொண்டுவரும் நம் அங்கத்தினர்கள், மோட்டார் அடிக்கடி ஓடி நின்றால் உடனே அழுத்த ஸ்விட்சையே குறை கூறுகின்றனர். பல வேளைகளில் குறை இருப்பது தொட்டியின் காற்றில்.

30-50 என்று அமைத்த ஸ்விட்சு, அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 30 பவுண்டாகத் தாழ்ந்ததும் மோட்டாரை ஓட்டும்; 50 ஆனதும் நிறுத்தும். இடையில் நீரைத் தள்ளித் தருவது தொட்டியில் அடைத்த காற்றே. அது குறைந்தால், ஒரு குடம் நீர் எடுக்குமுன்னரே மோட்டார் ஓடத் தொடங்கும்.

ஆதலின் முதலில் மெயினை நிறுத்தி, ஃபியூஸையும் எடுத்துவிட வேண்டும். மூடியைத் திறந்து, எல்லா முனைகளிலும் மின்சாரம் இல்லையென்று டெஸ்டரால் சோதித்த பின்னரே கை வைக்கலாம். ஈரக் கை உயிருக்கு ஆபத்து.

பிறகு தொட்டி நீரை முழுதும் வடித்து, டயருக்குக் காற்றுப் பார்க்கும் கருவியால் அளக்க வேண்டும். ரப்பர்ப் பையுள்ள தொட்டியில், ஓடத் தொடங்கும் அளவினும் 2 குறைவாக, அதாவது 28 பவுண்டு இருத்தல் வேண்டும். ஸ்விட்சுக்குச் செல்லும் சிறு குழாயில் சேறு அடைத்திருப்பின் நீக்குக. மின்முனைகள் தீய்ந்திருப்பின் ஸ்விட்சையே மாற்றுதல் நலம்.

இவையாவும் செம்மையாயிருந்தும் அளவை மாற்ற வேண்டின் மட்டுமே நட்டைத் தொடலாம். இரண்டு ஸ்பிரிங் உள்ள வகையில், பெரிய நட்டை இறுக்கினால் இரு அளவுகளும் சேர்ந்து உயரும். சிறியதை இறுக்கினால் நிற்கும் அளவு மட்டும் உயரும். ஒரு தடவைக்கு அரைச் சுற்றுப் போதும். மூடியை இட்டு மோட்டாரை ஓட்டி, அழுத்தமானியைக் கவனிக்க வேண்டும். பம்பின் திறனுக்கு மேல் உயர்த்தினால் மோட்டார் நில்லாது ஓடிக் கருகும்.

முதலில் காற்று, அடுத்துக் குழாய், கடைசியில் நட்டு: இவ்வரிசையை நாம் மறவாதிருப்போமாக.