நெருப்புக்கு ஒரு நுரைப் போர்வை

தீப்பிடித்தது என்றவுடன் நம் கை தானாகத் தண்ணீர்க் குடத்தைத் தேடும். விறகோ வைக்கோலோ எரிந்தால் அது சரிதான். மண்ணெண்ணெயோ பெட்ரோலோ எரியும்போது தண்ணீர் ஊற்றினால் என்னவாகும்? எண்ணெய் தண்ணீரைவிட இலேசானது அல்லவா? தண்ணீர் அடியில் போய்விட, எண்ணெய் எரிந்தபடியே மிதந்து தரையெங்கும் பரவும். ஒரு மூலையில் இருந்த நெருப்பை நாமே வீடு முழுவதும் கொண்டுபோய்ச் சேர்த்ததாக முடியும்.

இதற்கு வழி கண்டவர் அலெக்சாண்டர் லோரன் என்ற ருஷ்ய நாட்டவர். எண்ணெய்க் கிணறுகள் நிறைந்த பாக்கு நகரில் ஆசிரியராக இருந்தவர். அங்கே அணைக்க முடியாமல் எரிந்த எண்ணெய்த் தீயைக் கண்டு, தண்ணீர் மூழ்கிவிடும், நுரை மிதக்குமே என்று எண்ணினார். 1904ஆம் ஆண்டில் முதல் நுரைத் தீயணைப்பானை உருவாக்கினார்.

அக்காலக் கருவியில் இருந்தவற்றைக் கேட்டால் வியப்பாக இருக்கும். ஒன்று சோடியம் பைகார்பனேட், அதாவது நம் வீட்டு ஆப்ப சோடா. மற்றொன்று படிகாரத்துக்கு உறவான அலுமினியம் சல்பேட். இரண்டின் கரைசலும் கலந்தால் கரியமில வாயு பொங்கி நுரை உண்டாகும். நுரை உடையாதிருக்கச் சிறிது அதிமதுரச் சாறு அல்லது சபோனின் சேர்த்தார்கள். சீயக்காயும் பூந்திக்கொட்டையும் நுரைப்பது இந்தச் சபோனினால்தான்!

கருவியைத் தலைகீழாகக் கவிழ்த்தால் இரண்டும் கலக்கும். நம் பெற்றோர் பள்ளியில் படித்தது இதுவே. இன்றைய கருவியைக் கவிழ்க்கவே கூடாது. இதில் நுரைத்திரவம் கலந்த தண்ணீர், பெரும்பாலும் 9 லிட்டர், வாயுவின் அழுத்தத்தில் இருக்கிறது. பாதுகாப்பு ஊசியை இழுத்துவிட்டுக் கைப்பிடியை அழுத்தினால், திரவம் வெளியே வரும் வழியில் காற்றுடன் கலந்து நுரையாகிறது. அந்நுரை எண்ணெயின் மேல் போர்வைபோலப் படிந்து, பிராணவாயுவைத் தடுக்கிறது, எண்ணெய் ஆவி மேலெழாமல் அமுக்குகிறது, சூட்டையும் தணிக்கிறது.

எரியும் எண்ணெய்க்குள் நேராகப் பீய்ச்சக் கூடாது, எண்ணெய் தெறிக்கும். பாத்திரத்தின் பின்புறச் சுவரில் பட்டு நுரை வழிந்து பரவ வேண்டும். கருவி ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் காலியாகிவிடும். ஆகவே பதறாமல், வெளியேறும் வழி நம் முதுகுப்புறம் இருக்குமாறு நின்றுகொள்ள வேண்டும்.

விறகு, துணி, காகிதம், கூரை ஆகியவற்றின் சிறு தீக்கும் நுரை உதவும். மின்சாரத் தீக்கு ஆகாது. நுரையில் தண்ணீர் உள்ளதால் அடிப்பவர்மீதே மின்சாரம் பாயலாம். கசியும் கேஸ் தீக்கும் பயனில்லை. வாணலி எண்ணெய் பற்றினால் அடுப்பை அணைத்துத் தட்டால் மூடுவதே நல்லது. நம் ஆய்வுக்கூடத்து ஸ்பிரிட்டோ சாதாரண நுரையைக் கரைத்துவிடும். அதற்கென வேறு நுரை உண்டு.

2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் சமையற்கூடத்தில் தொடங்கிய தீ கீற்றுக் கூரைக்குத் தாவி 94 பிள்ளைகளைப் பலிகொண்டது. அவர்கள் ஆன்மா இறைவனில் இளைப்பாறுவதாக. சிறு தீ பெருந்தீயாகச் சில நிமிடங்களே போதும். வத்தல்மலையில் வாழும் எங்களுக்கோ, தருமபுரியிலிருந்து தீயணைப்பு வண்டி 24 கொண்டை ஊசி வளைவுகளை ஏறி வர வேண்டும். 101க்குச் சொல்லிவிட்டுக் காத்திருக்கும் நேரம் நீண்டது. டீசலையும் பெட்ரோலையும் கேனில் வாங்கி வைக்கும் வீடுகளும் கடைகளும் இங்கே ஒரு நுரைக் கருவியை வாசலருகே வைத்தால் நலம். தீ இடுப்பளவுக்கு மேல் உயர்ந்துவிட்டால் கருவியைப் போட்டுவிட்டு ஓட வேண்டியதுதான்.

சுவரில் தொங்கும் சிவப்புக் கருவியின் கழுத்தில் சிறிய கடிகாரம் போன்ற ஒன்று உண்டு. அதன் முள் பச்சைப் பகுதியில் நிற்கிறதா என்று மாதம் ஒருமுறை பார்க்க வேண்டும். சிவப்பில் நின்றால் அழுத்தம் சரியாக இல்லை; உரியவரிடம் கொடுத்துச் சரிசெய்து வாங்க வேண்டும்.