இங்கிலீஷில் தோற்ற கணக்குப் புலி!

கொள்ளிடத்துக்கு வடக்கே ரெட்டிபாளையம். தெற்கே கும்பகோணம். கணித மேதை ராமானுஜன் படித்த ஊர் அது.

1904-ல் அவர் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். உபகாரச் சம்பளமும் கிடைத்தது. ஆனால், இங்கிலீஷ் கட்டுரைப் பரீட்சையில் தோற்றுப் போனார். உபகாரச் சம்பளம் நின்றது. படிப்பும் தடைப்பட்டது!

1918-ல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. அந்த யோகம் எல்லோருக்கும் வாய்க்குமா?

நல்ல வாத்தியார் யார்?

பெற்றோர்களே! பிளஸ்-2 பிள்ளைக்கு இங்கிலீஷ் டியூஷன் தேடுகிறீர்களா? கட்டுரை மனப்பாடத்தால் வராது. எழுதி எழுதித்தான் வரும். ஆகவே, அந்த வாத்தியாரிடம் படிக்கும் பிள்ளையின் நோட்டை வாங்கிப் பாருங்கள். தப்பைத் திருத்தி, காரணமும் எழுதியிருக்கிறாரா? அவரிடமே சேருங்கள். பரீட்சை நெருங்கும்வரை காத்திருக்க வேண்டாம். பள்ளிக்கூடம் திறந்ததுமே தேடுங்கள்!