ஹீட்டர் காட்டும் எண்ணை நம்பலாமா?

மலைநாட்டில் வாழும் எங்களுக்குக் காலையில் சுடுநீர் இல்லாமல் முடியாது. அதனால் இன்று பல வீடுகளில் மின்சார ஹீட்டர் உண்டு. எண் திரையுள்ள ஹீட்டர்களில், நீர் எவ்வளவு சூடாகியுள்ளது என்பதை அறியத் தருவது வெப்பநிலை உணரி என்னும் சிறிய பாகமாகும். அது பழுதானால் என்ன நடக்கும் என்பதைப் பண்டாரவளையிலுள்ள எங்கள் வீட்டு அனுபவத்தைக் கொண்டு விளக்குகிறேன்.

இந்த உணரி பெரும்பாலும் தெர்மிஸ்டர் வகையைச் சேர்ந்தது. சூடு கூடக்கூட அதன் மின்தடை குறையும். பரவலாகப் பயன்படும் ஒரு வகை 25 பாகை செல்சியசில் 10 கிலோ ஓம் தடையைக் காட்டும். 50 பாகையில் அது சுமார் 3.6 கிலோ ஓமாகக் குறைந்துவிடும். ஹீட்டரிலுள்ள மின்சுற்று இந்தத் தடையை வைத்தே வெப்பநிலையைக் கணக்கிடுகிறது.

ஆகவே உணரியின் தடை தவறாகக் கூடிவிட்டால், சூடான நீரையும் குளிர்ந்த நீர் என ஹீட்டர் எண்ணும், மேலும் சூடாக்கும். தடை தவறாகக் குறைந்தால், குளிர்ந்த நீரையும் சூடென எண்ணி நின்றுவிடும்.

எங்கள் வீட்டில் திரை 50 பாகை என்று காட்டியது. ஆனால் உம்மம்மாவால் அந்த நீரில் கை வைக்க முடியவில்லை. குழாய் நீரை ஒரு கோப்பையில் பிடித்து வெப்பமானியால் அளந்தேன். 60 பாகை! அந்தச் சூட்டு நீர் சில செக்கன்களிலேயே தோலைப் பொசுக்கிவிடும். முதியோருக்கும் குழந்தைகளுக்கும் ஆபத்து இன்னும் அதிகம்.

புதிய ஹீட்டர் வாங்குவோம் என்றார் உம்மா. மின் வேலை தெரிந்த மாமா, முதலில் அளந்து பார்ப்போம் என்றார். பிரதான ஆளியை நிறுத்தி, மின்சாரம் இல்லை என்பதை உறுதிசெய்த பின்னரே மூடியைக் கழற்றினார். உணரியை வெளியே எடுத்து ஆறவிட்டு, பல்மானியால் அளந்தார். அறையின் வெப்பநிலை 20 பாகை. அந்த வகை உணரி சுமார் 12.5 கிலோ ஓம் காட்ட வேண்டும், காட்டியதோ 18. அதே விகிதத்தில் கணக்கிட்டுப் பார்த்தேன். நீர் 60 பாகையில் இருக்கும்போது திரையில் 50 என்றுதான் வரும்! உணரியை மட்டும் மாற்றியதும் இரு அளவுகளும் ஒத்துவந்தன.

பெற்றோர் கவனிக்க வேண்டியவை சில உண்டு. நீரை அளக்க 100 பாகை வரை காட்டும் வெப்பமானி வேண்டும். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி உதவாது. உணரிகள் பல வகைப்படும் என்பதால், உங்கள் ஹீட்டருக்குரிய அளவைக் கேட்டறிந்தே புதியதை வாங்குங்கள். மூடியைக் கழற்றும் வேலையை மின் வேலை தெரிந்தவரிடமே விடுங்கள். அளவுக்கு மீறிச் சூடேறும்போது மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்பு ஆளி ஒன்றும் உள்ளே உண்டு. அது அடிக்கடி துண்டிக்கிறது என்பதற்காக அதைத் தவிர்த்து நேரடி இணைப்புக் கொடுக்க ஒருபோதும் அனுமதிக்காதீர்கள்.

தோழிகளே, விஞ்ஞானப் பாடத்தில் படித்த தடையும் வெப்பநிலையும் உங்கள் குளியலறையிலும் இருக்கின்றன. இந்த வாரமே ஒரு கோப்பை நீரைப் பிடித்து அளந்து பாருங்கள்.