ஆதித்யாவுக்கு வேலைப்பட்டியல் போடுவது யார்?

செங்கோட்டையைச் சேர்ந்த நிகர் ஷாஜி திட்ட இயக்குநராகப் பொறுப்பேற்ற, சூரியனை ஆராயும் விண்கலமான ஆதித்யா-எல்1, 2023 செப்டம்பர் 2 அன்று ஏவப்பட்டு, 2024 ஜனவரி 6 அன்று பூமியிலிருந்து சுமார் 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் தன் சுற்றுப்பாதையைப் பிடித்தது. அதில் 7 கருவிகள். எது எப்போது இயங்க வேண்டும், எந்தத் தரவு முதலில் இறங்க வேண்டும் என்பதை முன்கூட்டியே வகுத்தாக வேண்டும். நினைவகமும் ஆன்டெனா கிடைக்கும் நேரமும் அளவானவை. ஒன்றுக்குக் கூட்டினால் மற்றொன்றுக்குக் குறையும். இந்தக் கணக்கைப் போடுவதற்குத்தான் திட்டமிடல் மென்பொருள். தரையிலேயே போட்டு அனுப்பினால் போதாதா என்று கேட்கலாம். வழக்கமான வேலைகளுக்குப் போதும். திடீரென எழும் சூரியச்சுடருக்குப் போதாது. தொலைவு இதில் தடையில்லை, ரேடியோ அலை 5 நொடியில் போய்ச் சேர்ந்துவிடும். ஆனால் தரவு இறங்கி, ஒருவர் பார்த்து, கட்டளை எழுதி, சரிபார்த்து அனுப்புவதற்குள் சுடரின் உச்சமே முடிந்திருக்கும். குற்றால அருவியில் வெள்ளம் கூடினால் அங்கே நிற்கும் காவலர்தானே கூட்டத்தை வெளியேற்றுகிறார்! அதனால்தான் புனேயின் ஐயூகா ஆய்வு மையத்தின் தலைமையில் உருவான, ஆதித்யாவில் உள்ள ‘சூட்’ தொலைநோக்கிக்குச் சுடரைத் தானே கண்டறியும் திறனைக் கொடுத்தார்கள். முழுப்படம் 4096-க்கு 4096 புள்ளிகள். அதை அடுக்கடுக்காக எடுத்துக்கொண்டிருக்க முடியாது. சுடர் எழுந்த இடத்தை மட்டும் வெட்டியெடுத்து, அந்தத் துண்டை வேகவேகமாகப் படம்பிடிக்கிறது சூட்.

இயந்திரம் தவறினால் என்ன செய்வது என்ற அச்சம் நியாயமானது. 1999 மே மாதம் நாசாவின் டீப் ஸ்பேஸ் 1 விண்கலத்தை ‘ரிமோட் ஏஜென்ட்’ என்ற மென்பொருள் சோதனையாகத் தானே திட்டமிட்டு இயக்கியது. தரையில் பலமுறை சோதித்தும் சிக்காத ஒரு பிழையால் அது நடுவழியில் முடங்கியது. விண்கலத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. பொறியாளர்கள் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள், சில நாள்களிலேயே மீதிச் சோதனையும் முடிந்தது. எல்லை வகுத்து, தேவைப்பட்டால் நிறுத்தும் அதிகாரத்தைத் தரையில் வைத்திருந்ததால்தான் இது முடிந்தது. ஆகவே தன்னியக்கம் வேண்டுமா என்பதைவிட, அதன் விதிகளை யார் எழுதுகிறார்கள் என்பதே எனக்குப் பெரிய கேள்வி. எவ்வளவு ஒளி கூடினால் அதைச் சுடர் என்று எடுத்துக்கொள்வது? வரம்பைத் தாழ்த்தி வைத்தால் சின்னச் சின்னச் சுடர்களாலேயே நினைவகம் நிரம்பும். உயர்த்தினால் ஒரு பெரிய சுடரின் தொடக்க நிமிடங்கள் கைநழுவும். இது நிரலாளர் மட்டும் தீர்மானிக்கும் எண் அல்ல, சூரிய இயற்பியலாளர்கள் கூடி விவாதிக்க வேண்டிய எண். எந்த வரம்பில் எடுத்த படம் என்ற குறிப்பும், விண்கலம் எதைத் தவிர்த்தது என்ற பதிவும் தரவுடன் சேர்ந்தே வெளிவர வேண்டும். அப்போதுதான் தென்காசிக் கல்லூரியில் அந்தப் படங்களை ஆராயும் மாணவி, ஒரு நாளின் படங்களில் சுடர் இல்லையென்றால் சூரியன் அன்று அமைதியாக இருந்ததா, கருவி கவனிக்கவில்லையா என்று பிரித்தறிய முடியும்.