21 நாடு சுற்றினார். விற்றுப்போன பாட்டை மீட்டார்!

பாட்டை எழுதியவர் ஒருவர். பாடியவரும் அவரே. ஆனால் அந்தப் பாட்டுப் பதிவுக்குச் சொந்தக்காரர் வேறு ஒருவர்!

அமெரிக்கப் பாடகி டெய்லர் சுவிப்டுக்கு இப்படி ஒரு நிலை ஏற்பட்டது. 2019-ல் அவருடைய பாட்டுகள் கைமாறிப் போயின. 2025-ல் அவரே அவற்றை விலை கொடுத்து மீட்டார். அதற்குக் கை கொடுத்தது, உலகம் சுற்றி அவர் நடத்திய 149 கச்சேரிகள்.

15 வயதில் போட்ட கையெழுத்து

டெய்லர் சுவிப்ட் 1989-ம் ஆண்டு டிசம்பர் 13-ந்தேதி அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் பிறந்தார். கிறிஸ்துமஸ் மரங்கள் வளர்க்கும் பண்ணையில் அவருடைய சிறு வயது கழிந்தது. மகளுக்குப் பாட்டில் இருந்த ஆசையைக் கண்ட பெற்றோர், அவருடைய 14-வது வயதில் நாஷ்வில் நகருக்கு அருகே குடியேறினார்கள். அந்த நாஷ்வில், பாட்டுக்குப் பேர்போன ஊர்.

15 வயதில் ஓர் இசைத்தட்டு கம்பெனியுடன் அவர் ஒப்பந்தம் செய்தார். 2006-ல் முதல் ஆல்பம் வெளிவந்தது. (ஆல்பம் என்றால் பல பாட்டுகள் கொண்ட தொகுப்பு.) 2017-க்குள் 6 ஆல்பங்கள் வந்தன. ஆறும் அமோகமாக விற்றன.

பத்திரம் யார் பெயரில்?

ஒரு பாட்டுக்கு இரண்டு உரிமைகள் உண்டு. ஒன்று, எழுதியவருக்கு உள்ள உரிமை. மற்றொன்று, பாடிப் பதிவு செய்த "மூலப் பதிவு" மீது உள்ள உரிமை. ஒப்பந்தப்படி, இந்த 6 ஆல்பங்களின் மூலப் பதிவும் கம்பெனிக்கே சொந்தம். வீட்டைக் கட்டியவர் ஒருவர், பத்திரம் இன்னொருவர் பெயரில் என்பது போன்ற கதைதான்.

2019-ல் கம்பெனியை ஸ்கூட்டர் பிரான் என்ற இசைத் தொழிலதிபர் வாங்கினார். கம்பெனியோடு பாட்டுகளும் போயின. இந்த விற்பனை, ஊருக்குத் தெரிந்த போதுதான் தனக்கும் தெரிந்தது என்று சுவிப்ட் கூறினார். அடுத்த ஆண்டு அந்தப் பாட்டுகள் ஒரு முதலீட்டு நிறுவனத்துக்கு மீண்டும் விற்கப்பட்டன.

சுவிப்ட் சும்மா இருக்கவில்லை. எழுதிய உரிமை அவரிடம் இருந்தது அல்லவா? அந்த உரிமையைக் கொண்டு, பழைய பாட்டுகளை மறுபடியும் பாடிப் பதிவு செய்தார். "டெய்லரின் பதிப்பு" என்று பெயர் சூட்டினார். 2021 முதல் 2023 வரை இப்படி 4 ஆல்பங்கள் வெளிவந்தன. "பழையதை வாங்க வேண்டாம், இதை வாங்குவோம்" என்று ரசிகர்கள் அவர் பக்கம் நின்றார்கள்.

ஓடிக்கொண்டே பாடினார்

2020-ல் நடக்க இருந்த அவருடைய கச்சேரிகள் கொரோனாவால் ரத்தாயின. அதற்குள் புதிய ஆல்பங்களும் சேர்ந்துவிட்டன. எனவே பழையது, புதியது எல்லாவற்றையும் ஒரே கச்சேரியில் பாடுவது என்று முடிவு செய்தார். "ஈராஸ் டூர்" என்று பெயர் வைத்தார். "காலகட்டங்களின் பயணம்" என்று பொருள்.

ஒரு கச்சேரி 3 மணி நேரத்துக்கு மேல். 40-க்கு மேற்பட்ட பாட்டுகள். இடைவேளை கிடையாது. ஆடிக்கொண்டே பாடவேண்டும்.

இதற்கு உடம்பு தாங்குமா? 6 மாதத்துக்கு முன்பே பயிற்சி தொடங்கினார். நின்ற இடத்திலேயே ஓட வைக்கும் "டிரெட்மில்" எந்திரத்தில் ஏறி, கச்சேரிப் பாட்டுகள் அத்தனையையும் தினமும் உரக்கப் பாடினார். வேகமான பாட்டுக்கு ஓட்டம். மெதுவான பாட்டுக்கு நடை. இதை அவரே ஒரு பேட்டியில் சொன்னார்.

டிக்கெட்டுக்குப் போட்டி

2022 நவம்பர் 15-ந்தேதி அமெரிக்காவில் இன்டர்நெட்டில் டிக்கெட் விற்பனை தொடங்கியது. ஒரே நேரத்தில் கோடிக்கணக்கான முறை ரசிகர்கள் முட்டி மோதியதில் கம்ப்யூட்டர்கள் திணறின. அன்று ஒரு நாளில் மட்டும் 20 லட்சம் டிக்கெட்டுகளுக்கு மேல் விற்றன. பொதுமக்களுக்கு என்று வைத்திருந்த விற்பனை ரத்தாயிற்று. பல மணி நேரம் காத்திருந்தவர்கள் வெறுங்கையுடன் திரும்பினார்கள். விவகாரம் அமெரிக்கப் பாராளுமன்றம் வரை போனது. 2023 ஜனவரியில் செனட் சபைக் குழு விசாரணை நடத்தியது.

நிலம் அதிர்ந்தது

2023 மார்ச் 17-ந்தேதி அரிசோனா மாநிலத்தில் முதல் கச்சேரி நடந்தது. அங்கிருந்து ஊர் ஊராகப் பயணம்.

நாஷ்வில்லில் ஒரு நாள் இடியும் மின்னலும். கச்சேரி பல மணி நேரம் தாமதமாகத் தொடங்கி, நள்ளிரவைத் தாண்டி கொட்டும் மழையில் முடிந்தது. கூட்டம் கலையவில்லை.

சியாட்டில் நகரில் ரசிகர்கள் குதித்த குதியில் நிலமே அதிர்ந்தது. நில அதிர்வைக் காட்டும் கருவியில் அது பதிவாயிற்று. 2.3 ரிக்டர் அளவுள்ள பூகம்பத்துக்கு அது சமம் என்றார்கள்.

ரசிகர்கள் மணி கோத்த கைவளையல்களைச் செய்துகொண்டு வந்தார்கள். முன்பின் தெரியாதவர்களோடு அவற்றை மாற்றிக்கொண்டார்கள். சுவிப்டின் ஒரு பாட்டில் வரும் வரியில் இருந்து பிறந்த வழக்கம் இது. தாயும் மகளும் சேர்ந்து உட்கார்ந்து மணி கோத்த வீடுகள் ஏராளம்.

ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் கிரிக்கெட் மைதானத்தில் 3 நாள் கச்சேரி. ஒவ்வொரு நாளும் சுமார் 96 ஆயிரம் பேர் கூடினார்கள். இந்தப் பயணத்திலேயே பெரிய கூட்டம் அதுதான்.

சிங்கப்பூர் செய்த தந்திரம்

இந்தியாவுக்கு சுவிப்ட் வரவில்லை. நமக்கு அருகே என்றால் சிங்கப்பூர்தான். 2024 மார்ச்சில் அங்கு 6 கச்சேரிகள் நடந்தன. 3 லட்சம் பேருக்கு மேல் பார்த்தார்கள்.

தென்கிழக்கு ஆசியாவில் வேறு எந்த நாட்டிலும் அவர் பாடவில்லை. காரணம் என்ன? சிங்கப்பூர் அரசு சலுகை கொடுத்து, வேறு இடத்தில் பாடக்கூடாது என்று பேசி முடித்திருந்தது. தாய்லாந்து பிரதமராக இருந்த ஸ்ரேத்தா தவிசின் இதை வெளிப்படையாகச் சொன்னார். பக்கத்து நாடுகள் முகம் சுளித்தன. "இதில் பகைமை எதுவும் இல்லை" என்று அப்போதைய சிங்கப்பூர் பிரதமர் லீ சியன் லூங் பதில் அளித்தார். ஓட்டல் அறைகளும் விமானங்களும் நிரம்பியதுதான் சிங்கப்பூர் கண்ட லாபம்.

துயரமும் உண்டு

எல்லாம் கோலாகலம் அல்ல. 2023 நவம்பர் 17-ந்தேதி பிரேசில் நாட்டின் ரியோ நகரில் கடும் வெயில். உடம்புக்கு 59 டிகிரி போல் உறைத்தது. ரசிகர்கள் தண்ணீர் பாட்டில் கொண்டுவரத் தடை இருந்தது. கூட்டத்தில் பலர் மயங்கி விழுந்தார்கள். 23 வயது ரசிகை ஒருவர் உயிர் இழந்தார். கச்சேரிகளுக்குத் தண்ணீர் கொண்டு வர அனுமதிக்க வேண்டும் என்று பிரேசில் அரசு உடனே உத்தரவு போட்டது. மறுநாள் கச்சேரி தள்ளி வைக்கப்பட்டது. ஒரு பாட்டில் தண்ணீரின் அருமை, ஓர் உயிர் போன பிறகே உறைத்தது.

2024 ஆகஸ்டில் ஆஸ்திரியா தலைநகர் வியன்னாவில் 3 கச்சேரிகள் ரத்தாயின. மைதானத்துக்கு வெளியே கூடும் கூட்டத்தைத் தாக்க சதி நடந்ததாக போலீசார் இளைஞர்களைக் கைது செய்தார்கள். ஏமாந்த ரசிகர்கள் அழுதுகொண்டு ஊர் திரும்பவில்லை. சுவிப்டின் ஒரு பாட்டின் பெயரை ஒத்த தெரு ஒன்று வியன்னாவில் இருந்தது. அங்கே கூடி, மரத்தில் வளையல்களைக் கட்டி, தாங்களே பாடினார்கள்.

உழைத்தவர்களுக்குப் பங்கு

மேடையை லாரி லாரியாக ஏற்றிச் செல்லவேண்டும். ஓர் ஊரில் பிரித்து மறு ஊரில் கட்டவேண்டும். அந்த லாரி டிரைவர்களுக்கு 2023-ல் சுவிப்ட் ஆளுக்கு 1 லட்சம் டாலர் வெகுமதி கொடுத்தார். அப்போதைய மதிப்பில் சுமார் 82 லட்சம் ரூபாய்! நடனக்காரர், வாத்தியக்காரர், சமையல்காரர், மேடைத் தொழிலாளர் என்று எல்லோருக்குமாகப் பயணம் முடிவதற்குள் 19 கோடியே 70 லட்சம் டாலர் கொடுத்ததாக அமெரிக்கப் பத்திரிகைகள் எழுதின. போன ஊர்களில் ஏழைகளுக்கு உணவு வழங்கும் அமைப்புகளுக்கும் நன்கொடை கொடுத்தார்.

பத்திரம் கைக்கு வந்தது

2024 டிசம்பர் 8-ந்தேதி கனடாவின் வான்கூவர் நகரில் கடைசிக் கச்சேரி நடந்தது. 21 நாடுகள். 51 நகரங்கள். விற்ற டிக்கெட் 1 கோடியே 1 லட்சத்து 68 ஆயிரத்து 8. வசூல் 207 கோடியே 76 லட்சம் டாலர். நம் பணத்தில் சுமார் 17 ஆயிரத்து 500 கோடி ரூபாய். 200 கோடி டாலரைத் தாண்டிய முதல் கச்சேரிப் பயணம் இதுதான்.

2025 மே 30-ந்தேதி சுவிப்ட் ஒரு கடிதம் வெளியிட்டார். முதல் 6 ஆல்பங்களின் மூலப் பதிவுகளையும், படங்களையும், வெளிவராத பாட்டுகளையும் வாங்கிவிட்டதாக அதில் தெரிவித்தார். ரசிகர்கள் இந்தப் பயணத்தை வெற்றி ஆக்கியதால்தான் அது முடிந்தது என்று நன்றி சொன்னார்.

15 வயதில் போட்ட கையெழுத்து. அது போட்ட முடிச்சு அவிழும்போது அவருக்கு வயது 35. மழையில் நனைந்தும், மணி கோத்தும், கடன் உடன் வாங்கி டிக்கெட் எடுத்தும் வந்த அந்த ஒரு கோடிப் பேரும் ஆளுக்கு ஒரு கை கொடுத்து, பாட்டை அதன் சொந்தக்காரரிடம் சேர்த்துவிட்டார்கள்.