கஜானா குமாஸ்தாவும் வான சாஸ்திரமும்

தேனியிலிருந்து வருஷநாட்டுக்குச் செல்லும் வழியில் உள்ளது மயிலாடும்பாறை. சுற்றிலும் மலைகள்; அருகே, பிறந்த இடத்தைவிட்டு அதிக தூரம் வந்துவிடாத வைகை. அமாவாசையை ஒட்டிய ஓர் இரவில் நாம் அங்கே தங்க நேர்ந்தது. ஊருக்கு வெளியே சற்று நடந்து சென்று அண்ணாந்து பார்த்தோம். பட்டணவாசிகள் மறந்தே போய்விட்ட ஆகாயம் அங்கே அப்படியே இருந்தது. உடன் வந்த வாலிபன் ஒருவன், “இதையெல்லாம் ஆராய வேண்டுமானால் பெரிய படிப்புப் படித்திருக்க வேண்டும், அல்லவா ஐயா?” என்று கேட்டான். அவன் பரீக்ஷையில் தவறியவன் என்பதைப் பின்னர் அறிந்தோம். அவனுக்குச் சொன்ன பதிலையே நேயர்களுக்கும் சொல்ல விரும்புகிறோம்.

வங்காளத்தில் ஜெஸ்ஸூர் நகரை அடுத்த பக்சார் கிராமத்தில் 1878-ம் வருஷம் பிறந்தவர் ராதா கோவிந்த சந்திரர். பிரவேசப் பரீக்ஷைக்கு மூன்று முறை சென்று மூன்று முறையும் தோற்றார். ஜெஸ்ஸூர் சர்க்கார் கஜானாவில் நாணயங்களைச் சோதித்து எண்ணும் வேலை அவருக்குக் கிடைத்தது. ஆரம்பத்தில் சம்பளம் மாதம் 15 ரூபாய். பகலெல்லாம் பிறருடைய பணத்தை எண்ணியவர் இரவில் நக்ஷத்திரங்களை எண்ணலானார். அதே ஊரில் வக்கீலாக இருந்த காளிநாத் முகர்ஜி, நக்ஷத்திரப் படங்கள் அடங்கிய நூல்களை எழுதியவர். அவருடைய துணையால் சந்திரர் வானத்தின் அடையாளங்களைக் கற்றார். 1910-ல் ஹாலி வால் நக்ஷத்திரம் தோன்றியபோது, கையிலிருந்த சாதாரண இரட்டைக் கண்ணாடியைக் கொண்டே அதைக் கவனித்துக் குறிப்பெடுத்தார். 1912-ல் தமது நிலைமைக்கு மிஞ்சிய செலவில் இங்கிலாந்திலிருந்து மூன்று அங்குலத் தூரதிருஷ்டிக் கண்ணாடி ஒன்றை வரவழைத்தார்.

1918 ஜூன் மாதத்தில் கருட மண்டலத்தில் அதற்கு முன் காணாத பிரகாசமான நக்ஷத்திரம் ஒன்று திடீரெனத் தோன்றிற்று. உலகத்தில் அதை முதன்முதலாகக் கண்டவர்களில் சந்திரரும் ஒருவர். அவர் எழுதியனுப்பிய குறிப்பு அமெரிக்காவின் ஹார்வர்டு வான ஆராய்ச்சி நிலையத்தை எட்டியது. மாறுபடும் நக்ஷத்திரங்களைக் கவனிப்பதற்கென்று 1911-ல் அங்கே தோன்றிய சங்கத்தில் அவர் அங்கத்தினரானார்.

மாறுபடும் நக்ஷத்திரம் என்பது என்ன? சில நக்ஷத்திரங்களின் ஒளி ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கும். திமிங்கில மண்டலத்தில் உள்ள மீரா என்பது கண்ணுக்கு நன்றாகத் தெரியும் நிலையிலிருந்து மங்கி மறைந்து, மறுபடியும் பிரகாசிக்கச் சுமார் பதினொரு மாதங்கள் ஆகின்றன. இதைக் கவனிக்கும் முறையோ எளியது. ஒளியின் அளவு முன்பே தெரிந்த இரண்டு நக்ஷத்திரங்களைப் பக்கத்தில் தேர்ந்தெடுக்க வேண்டும். நாம் கவனிப்பது ஒன்றைவிட எவ்வளவு மங்கல், மற்றதைவிட எவ்வளவு பிரகாசம் என்று மதிப்பிட்டு, நேரத்தோடு எழுதிவைக்க வேண்டும். அவ்வளவுதான். ஆனால் ஆண்டுக்கணக்கில் விடாமல் செய்ய வேண்டும். அமெரிக்காவில் பகலாயிருக்கும்போது நமக்கு இரவாதலால், நம் நாட்டிலிருந்து போகும் குறிப்புகள் அங்குள்ளவர்களால் எடுக்க முடியாதவை.

1920 முதல் 1954 வரை சந்திரர் அனுப்பிய குறிப்புகள் 37,000-க்கு மேற்பட்டவை. கணக்கிட்டுப் பார்த்தால் நாளொன்றுக்கு மூன்று வீதம் ஆகிறது. மேகம் மூடிய மழைக்கால இரவுகளையும் சேர்த்தே இந்தக் கணக்கு. அச்சங்கத்தார் 1926-ல், சார்லஸ் எல்மர் என்பவருக்குச் சொந்தமாயிருந்த சுமார் ஆறு அங்குலத் தூரதிருஷ்டிக் கண்ணாடியைக் கடல் கடந்து அவருக்கு அனுப்பிவைத்தனர். 1928-ல் பிரெஞ்சு அரசாங்கமும் அவரைக் கௌரவித்தது. மூன்று முறை அவரைத் தள்ளிய பரீக்ஷை அளந்தது எதை, அளக்கத் தவறியது எதை என்பதை நேயர்களே தீர்மானிக்கட்டும்.

தேசப் பிரிவினையில் ஜெஸ்ஸூர் பாகிஸ்தானைச் சேர்ந்தது. சந்திரர் ஊரைவிட்டு மேற்கு வங்காளத்தில் பராசத்தில் குடியேறி, 1975-ல் அங்கேயே காலமானார். அந்தக் கண்ணாடியோ அவரிடமிருந்து வைணு பாப்பு என்ற பெரும் வான சாஸ்திரியின் பொறுப்புக்கு வந்து, இறுதியில் நம் தமிழ்நாட்டுக் காவலூரை அடைந்தது. ஒரு குமாஸ்தாவின் கைபட்ட கருவி ஜவ்வாது மலைக்கு வந்து சேர்ந்ததை எத்தனை தமிழர் அறிவர்?

இத்தகையோர் தமிழரிடையே தோன்றாமலில்லை. 1867-ல் மாறுபடும் நக்ஷத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்த சிந்தாமணி ரகுநாதாசாரியார் சென்னை வான ஆராய்ச்சி நிலையத்தில் பணிபுரிந்தவர். யாழ்ப்பாணத்தை அடுத்த காரைதீவில், கடல் சூழ்ந்த சிற்றூரில் பிறந்த ஆலன் ஆபிரகாம், ஆசிரியத் தொழிலோடு வான சாஸ்திரத்தையும் வளர்த்து, லண்டன் ராயல் வானசாஸ்திர சங்கத்தில் அங்கத்தினரானார். இவர்களுடைய பெயர்கள் நம் பாடபுத்தகங்களில் வர வேண்டியவை.

மயிலாடும்பாறைக்கு வடக்கே, பள்ளத்தாக்கைத் தாண்டினால், கொடைக்கானலில் 1899-ல் ஏற்பட்ட சூரிய ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1909-ல் எவர்ஷெட் என்பவர் சூரியனில் உள்ள கரும்புள்ளிகளிலிருந்து வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டது அங்கேதான். அவரும் ஆரம்பத்தில் பொழுதுபோக்காக வானத்தை ஆராய்ந்தவரே. இருந்தும், மலையின் கீழுள்ள கிராமத்துப் பையனுக்கு அந்த நிலையம் எட்டாத உலகமாகவே இருக்கிறது. பூமத்திய ரேகைக்கு அருகே இருப்பதால், துருவ நக்ஷத்திரத்தின் பக்கத்து வானமும் தென் சிலுவையும் அவனுக்கு ஒரே ஊரிலிருந்து கிடைக்கின்றன. ஐரோப்பியர் பலர் கப்பலேறி வந்து தேடிய பாக்கியம் இது.

ஆகவே நாம் கேட்பது பெரிய விஷயமன்று. ஒன்றியத்துக்கு ஒரு பள்ளியிலாவது ஆறு அங்குலக் கண்ணாடி ஒன்று இருக்கட்டும். விலைக்கு வாங்கத்தான் வேண்டுமென்பதில்லை. இரண்டு கண்ணாடி வட்டங்களுக்கிடையே உராய்வுப் பொடியும் நீரும் இட்டுப் பொறுமையோடு தேய்த்தால், ஒன்று குழிந்து ஆடியாகும். உலகெங்கும் வாலிபர்கள் இப்படித் தாமே செய்துகொள்கிறார்கள். அதன் சாவி தலைமை உபாத்தியாயரின் அலமாரியில் தூங்காமல், மாணவர் கையில் இருக்கட்டும். தெருவிளக்குகளுக்கு மேல்மூடி போட்டு, ஒளி தரைக்கு மட்டும் விழும்படி பஞ்சாயத்துக்கள் செய்யட்டும். செலவு சொற்பம்; ஒரு முறை இழந்த இருளை மீட்பதோ கடினம்.

சுதந்திரம் என்பது கோட்டையில் கொடி ஏற்றியதோடு முடிந்துவிடுவதன்று. பரீக்ஷையில் தோற்ற ஏழை வாலிபன், “எனக்கும் இதில் வேலை உண்டு” என்று நிமிர்ந்து சொல்லும் நாளில்தான் அது கிராமத்துக்கு வந்து சேர்ந்ததாகும். அந்த வாலிபனிடம் நாம் சொன்னது இதுவே: “இன்றிரவே ஒரு நோட்டுப் புத்தகத்தை எடு, தம்பி. தேதியை எழுது. பார்த்ததை எழுது. நாளையும் எழுது.”