எம்.சி.ஆர். செருப்பு

எம்.சி.ஆர். செருப்பு என்பது நுண்துளைகள் நிறைந்த மென்மையான ரப்பர் தகட்டை உள்ளடியாகக் கொண்டு, அணிபவரின் பாத அளவுக்கே செய்யப்படும் செருப்பு ஆகும். மைக்ரோ செல்லுலார் ரப்பர் என்னும் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளே எம்.சி.ஆர். என வழங்குகின்றன. தொழுநோயாலோ நீரிழிவாலோ பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்காக மருத்துவமனைகள் இதை வழங்குகின்றன. கடை அளவுகளுக்குள் அடங்காத பாதம் உடையவர்களுக்கும் இது ஏற்றது. இதன் எளிய வடிவத்தை வீட்டிலேயே செய்துகொள்ளலாம்.

தேவை

கடைச் செருப்புகள் மூன்று எண்ணங்களின் மேல் செய்யப்படுகின்றன: இரு பாதங்களும் ஒரே நீளம், நீளத்துக்கேற்ற ஒரே அகலம், விரல்கள் நேராக நீண்டிருக்கும். வளைபாதம், இளம்பிள்ளை வாதத்தால் மெலிந்த கால், யானைக்கால் வீக்கம், மடங்கிய விரல்கள், விபத்தில் விரல் இழந்த பாதம் ஆகியவற்றுக்கு இவற்றுள் ஏதேனும் ஒன்று பொய்த்துவிடும். எட்டாம் எண் செருப்புக்கும் ஒன்பதாம் எண் செருப்புக்கும் ஆங்கில அளவுமுறையில் உள்ள வேறுபாடு சுமார் 8.5 மில்லிமீட்டர். அகலம் போதாதவர் அடுத்த எண்ணை வாங்கினால் நீளம் மிஞ்சிவிடும். செருப்பு காலில் நில்லாமல் உராயும்.

இந்தியப் பாதங்களுக்கு ஐரோப்பிய அளவுமுறை பொருந்தவில்லை என்பது பொதுவான சிக்கலும்கூட. சென்னை அடையாற்றில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாடெங்கும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதங்களை அளந்தது. இந்தியப் பாதங்கள் மேலைநாட்டுப் பாதங்களைவிட அகலமானவை என்று அதில் தெரியவந்தது. அதன் அடிப்படையில் 'பா' என்னும் புதிய இந்திய அளவுமுறை முன்மொழியப்பட்டது.

அழுத்தமும் புண்ணும்

அழுத்தம் என்பது விசையைப் பரப்பளவால் வகுத்தால் கிடைப்பது. 60 கிலோ எடையுள்ள ஒருவரின் முழு எடையும் ஒரு காலில் 30 சதுர சென்டிமீட்டர் இடத்தில் விழுந்தால், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் 2 கிலோ எடையைத் தாங்குகிறது. அதே எடை 120 சதுர சென்டிமீட்டரில் பரவினால் அரைக் கிலோவாகக் குறைகிறது. மென்மையான உள்ளடி செய்வது இந்த வேலையைத்தான். எலும்பு துருத்தும் இடம் ரப்பருக்குள் அமிழ, உள்ளங்காலின் மற்ற பகுதிகளும் எடையில் பங்கு கொள்கின்றன.

உணர்ச்சி உள்ளவர் ஓரிடம் வலித்தால் தம்மை அறியாமலே அடியை மாற்றி வைப்பார். செருப்பு கடித்தால் கழற்றிவிடுவார். உணர்ச்சி இல்லாதவர் அதே இடத்தில் ஆயிரக்கணக்கான முறை மிதித்துக்கொண்டே நடப்பார். முதலில் தோல் சிவக்கும், பிறகு தடித்துக் காய்ப்பாகும், காய்ப்பின் அடியில் திசு நசுங்கிப் புண்ணாகும். புண் எலும்புவரை சென்று கிருமித்தொற்று ஏற்பட்டால் விரலையோ காலையோ நீக்க வேண்டிய நிலை வரலாம். இறுக்கமான செருப்பு வேறு வழியில் கெடுக்கிறது. மெல்லிய அழுத்தமே ஆனாலும் பல மணி நேரம் நீடித்தால் அந்த இடத்துக்கு இரத்தம் செல்லாமல் திசு இறந்துபோகும்.

வரலாறு

இந்தச் செருப்பின் வரலாறு வேலூரோடு பிணைந்தது. அறுவை மருத்துவர் பால் பிராண்ட் 1914இல் கொல்லிமலையில் பிறந்தவர். தீர்த்தமலை அடங்கிய இன்றைய தருமபுரி மாவட்டம் 1965 வரை சேலம் மாவட்டத்தின் பகுதியாகவே இருந்தது. 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியேற்ற அவர், தொழுநோயாளிகளின் கை, கால்களை ஆராயத் தொடங்கினார்.

நோய் முற்றினால் விரல்கள் தாமே அழுகி விழும் என்று அன்று பலரும் நம்பினர். நரம்பு செயலிழந்து வலி தெரியாமல் போவதால் ஏற்படும் காயங்களும், கவனிக்கப்படாத தொற்றுகளுமே சிதைவுக்குக் காரணம் என்று பிராண்டும் அவருடைய குழுவினரும் காட்டினர். ஆகவே காயத்தைத் தடுத்தால் காலைக் காக்கலாம் என்ற முடிவு பிறந்தது. ஏற்ற காலணிக்காகப் பல பொருள்கள் சோதிக்கப்பட்டு, நுண்துளை ரப்பர் நிலைபெற்றது. வேலூர் அருகே கரிகிரியில் 1955இல் தொடங்கிய ஷெஃபலின் தொழுநோய் மையம் இவ்வகைக் காலணித் தயாரிப்பில் பெயர்பெற்றது. 1966இல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்ற பிராண்ட், இதே கருத்துகளை நீரிழிவுப் பாதத்துக்கும் பொருத்தினார். அவர் 2003இல் மறைந்தார்.

அளவெடுத்தல்

மாலையில் பாதம் சற்று வீங்கியிருக்கும். அளவை அப்போதுதான் எடுக்க வேண்டும். பழுப்புத் தாளைத் தரையில் விரித்து, இரு கால்களிலும் எடை சமமாக விழும்படி நிற்க வைத்து, மற்றொருவர் பாதத்தைச் சுற்றி வரைய வேண்டும். பென்சில் செங்குத்தாக நிற்க வேண்டும். உள்பக்கம் சாய்ந்தால் செருப்பு குறுகிவிடும். இரு பாதங்களையும் தனித்தனியே வரைவது கட்டாயம்.

மிக நீண்ட விரலுக்கு முன்னால் சுமார் 1 சென்டிமீட்டரும், பக்கங்களில் 3 முதல் 5 மில்லிமீட்டரும் கூட்டி வெளிக்கோடு போட வேண்டும். காய்ப்பு, பழைய தழும்பு, துருத்திய எலும்பு ஆகியவற்றின் இடங்களையும் தாளில் குறிக்க வேண்டும். ஈரக்காலைச் சிமெண்டுத் தரையில் வைத்து எடுத்தால் எங்கே எடை விழுகிறது என்பது ஓரளவு தெரியும். வார்களுக்காக, விரல்களுக்குப் பின்னுள்ள அகன்ற பகுதி, பாதத்தின் நடுப்பகுதி, குதிகாலைச் சுற்றிய பகுதி ஆகிய மூன்று சுற்றளவுகளை நூலால் அளந்துகொள்ள வேண்டும்.

தேவையான பொருள்கள்

உள்ளடிக்கு 10 முதல் 12 மில்லிமீட்டர் தடிப்புள்ள எம்.சி.ஆர். தகடு வேண்டும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் வைத்து அழுத்தினால் ஏறக்குறையப் பாதித் தடிப்புக்கு அமுங்கி, விட்டதும் பழைய நிலைக்குத் திரும்புவது நல்ல தகடு. குளியலறை ரப்பர் செருப்பின் அடி இதைவிடக் கடினமானது. பஞ்சு போன்ற நுரைத் தகடோ ஒரே வாரத்தில் தட்டையாகிவிடும்.

வெளியடிக்கு முள்ளும் கண்ணாடியும் ஊடுருவாத கடின ரப்பர் வேண்டும். பழைய டயரைப் பயன்படுத்துவோர் உள்ளே எஃகுக் கம்பி உள்ள டயரைத் தவிர்க்க வேண்டும். தேய்ந்த பின் கம்பி மேலே குத்தும். இவை தவிர, மென்மையான தோல் அல்லது தடித்த துணிப்பட்டை, ரப்பர் பசை, குத்தூசி, மெழுகிட்ட நூல், தோல் வெட்டும் கத்தி, உப்புத்தாள் ஆகியவை போதும்.

செய்முறை

1. வெளிக்கோட்டின்படி எம்.சி.ஆர். தகட்டையும் வெளியடியையும் வெட்ட வேண்டும்.

2. உள்ளடியின் ஓரங்களில் வார்கள் இறங்கும் இடங்களைக் குறிக்க வேண்டும். முன்பக்கம் ஒன்று, நடுப்பாதத்தின் மேல் ஒன்று, குதிகாலைச் சுற்றி ஒன்று என மூன்று வார்கள் தேவை. கட்டைவிரலிடுக்கில் செருகும் வார் கூடாது. உணர்ச்சியற்ற காலிலிருந்து அச்செருப்பு நழுவுவதும் தெரியாது. இடுக்கு அறுபடுவதும் தெரியாது.

3. வார்களின் நுனிகளைக் கத்தியால் சீவி மெலிதாக்கி, உள்ளடியின் கீழ்ப்பக்கம் மடித்து ஒட்ட வேண்டும். சீவாவிட்டால் அந்த இடம் மேடாகிப் பாதத்தை உறுத்தும். முனைகளில் பக்கிளைவிட ஒட்டுப்பட்டை நல்லது. வீக்கத்துக்கேற்பத் தளர்த்தலாம், விரல் மடங்கிய கையாலும் போட்டுக்கொள்ளலாம்.

4. உள்ளடியின் கீழ்ப்பக்கத்திலும் வெளியடியின் மேல்பக்கத்திலும் பசை தடவி, தொட்டால் கையில் ஒட்டாத அளவுக்கு உலரவிட்டு, பிறகு சேர்த்து அழுத்த வேண்டும்.

5. பாதம் படாத விளிம்பு வழியாக மெழுகு நூலால் தைக்க வேண்டும். ஆணி எங்கும் அடிக்கக் கூடாது. தேயத்தேய மேலே வரும் ஓர் ஆணி, வலி தெரியாத காலைத் துளைத்தபடி நாள் முழுதும் உடன் நடக்கும்.

6. ஓரங்களை உப்புத்தாளால் தேய்த்து மழுக்கி, செருப்புக்குள் கையை விட்டுத் தடவிப் பார்க்க வேண்டும். விரலுக்குத் தட்டுப்படும் எந்த மேடும் நீக்கப்பட வேண்டியதே.

ஒரு கால் சற்றுக் குட்டையாக இருந்தால், உள்ளடிக்கும் வெளியடிக்கும் இடையில் கடின ரப்பர் அடுக்கு சேர்க்கலாம். வேறுபாடு 1 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் மருத்துவரின் அளவீடு வேண்டும்.

அணிந்து பழகுதல்

புதிய செருப்பை முதல் நாள் அரை மணி நேரம் மட்டும் அணிந்து கழற்றிப் பார்க்க வேண்டும். சிவந்த இடம் 20 நிமிடத்துக்குப் பிறகும் மறையாவிட்டால் அங்கே அழுத்தம் மிகுதி. வாரைத் தளர்த்த வேண்டும் அல்லது உள்ளடியை அந்த இடத்தில் குழிவாகச் சீவ வேண்டும். சிவப்பு இல்லையென்றால் நேரத்தை நாள்தோறும் கூட்டலாம். போடுமுன் செருப்பைக் கவிழ்த்துத் தட்டுவதும், இரவில் உள்ளங்காலைக் கண்ணாடியில் பார்ப்பதும் அன்றாடப் பழக்கமாக வேண்டும். ரப்பர் நிரந்தரமாகத் தட்டையாகிவிட்டால், மேலே புதிதாகத் தெரிந்தாலும் அந்தச் செருப்பு பயனற்றது. உள்ளடியை மாற்ற வேண்டும்.

வெறுங்கால் வழக்கம்

நம் நாட்டில் வீட்டிலும் கோயிலிலும் செருப்பைக் கழற்றுவது மரபு. அரூர் வட்டத்தில் உள்ள தீர்த்தமலை போன்ற மலைக்கோயில்களில் படிகளிலும் பாறையிலும் நெடுந்தூரம் ஏற வேண்டியிருக்கும். நண்பகல் வெயிலில் சூடேறிய கல் உணர்ச்சியற்ற பாதத்தைக் கொப்புளிக்கச் செய்யும். இறங்கி வந்து பார்க்கும்வரை அவருக்கு அது தெரியாது. அத்தகையோர் வெயில் ஏறுமுன் சென்று வருவதும், தடித்த காலுறை அணிவதும், திரும்பியதும் பாதத்தைச் சோதிப்பதும் நல்லது. வீட்டுக்குள் நடக்கவென்றே தனியாக ஓர் இணை வைத்துக்கொள்வதும் பயன்தரும்.

தயக்கம்

எம்.சி.ஆர். செருப்பு கிடைத்தும் அணியாமல் விடுவோர் உண்டு. ஒரே மாதிரியாகச் செய்யப்பட்ட மருத்துவமனைச் செருப்பு, அணிந்தவரின் நோயை ஊருக்கு அறிவித்துவிடுகிறது என்பதே காரணம். பேருந்திலும் திருமண வீட்டிலும் பிறர் பார்வைக்கு அஞ்சிச் செருப்பை மறைத்தவர்கள் காலை இழக்கும் ஆபத்துக்கு உள்ளாகின்றனர். வீட்டுத் தயாரிப்பின் பெரும்பயன் இங்கேதான் உள்ளது. உள்ளடி சரியாக இருந்தால் வாரின் நிறமும் வடிவமும் அணிபவரின் விருப்பம். மற்றவர் செருப்பிலிருந்து அதை வேறுபடுத்த முடியாது.

வரம்புகள்

திறந்த புண், ஒரு பாதம் மட்டும் சூடாகி வீங்குதல், உள்ளங்கால் வளைவு சரிந்து உருமாறுதல் ஆகியவை இருந்தால் வீட்டுச் செருப்பு தீர்வாகாது. உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். நீரிழிவு உள்ளவர்கள், 10 கிராம் விசையில் வளையும் நைலான் இழையைப் பாதத்தில் தொட்டுப் பார்க்கும் எளிய சோதனையை ஆண்டுக்கு ஒருமுறையேனும் செய்துகொள்ள வேண்டும். தேசியத் தொழுநோய் ஒழிப்புத் திட்டத்தின்கீழ், உணர்ச்சியற்ற பாதம் உடைய தொழுநோயாளிகளுக்கு எம்.சி.ஆர். செருப்பு இலவசமாக வழங்கப்படுகிறது. இயக்கக் குறைபாடு உள்ளவர்கள் சிறப்புக் காலணிக்காக மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகலாம்.